கொண்டைக்கிளியின் நெற்றி

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சிறுவயதிலிருந்தே உள்ள வியாதி இது. பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சொன்னால் அடுத்த தரிப்பிடம் வரை நடந்துவிடுவேன். பாதி வழியில் அந்த பஸ் என்னைத் தாண்டிப் போகும். கலியாணமும் ஒருமுறை செய்து பார்த்தேன், அதிலும் இருப்புக் கொள்ளவில்லை. இப்படிப்பட்ட எனக்கு வாய்த்த தொழிலோ, பசை காயும்வரை பக்கத்தில் இருந்து பார்க்கும் தொழில். ஜேர்மனியில் எசன் நகரத்தில், பழைய நிலக்கரிச் சுரங்கக் கட்டடம் ஒன்றின் பின்பக்கத்தில் இருக்கிற சிறிய பட்டறையில், உடைந்துபோன பழைய உலோகச் சாமான்களைத் திருத்துகிறேன். தேவாலயத்துக் கிண்ணங்கள், மெழுகுதிரித் தண்டுகள், சேகரிப்பாளர்களின் வாள்கள் என்று எல்லாம் வரும். அதற்கு முன்னர் பொற்கொல்லராக அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்துவிட்டு, எங்கட ஆட்களின் நகைக்கடை ஒன்றில் தாலிக்கொடிகளுக்குக் கொளுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரே கொளுக்கியை ஒரு மனுசி எத்தனை காலத்துக்கு வைப்பது?

அந்த வாள் வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டுதான் வந்தது. கோடை முடிகிற நேரம். முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக வேலை செய்யும் பெண்ணொருவர், காலை வேலை முடிந்த கையோடு, பனிச்சறுக்குக் கட்டைகள் கொண்டுபோகும் நீளப் பையொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். என்னைவிடச் சற்று மூத்தவர், சாம்பல் நிற முக்காடு. நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், கை கழுவ எங்கே இடம் என்று கேட்டார். மூலையில் இருந்த தொட்டியைக் காட்டினேன். முழங்கை வரை கழுவித் துடைத்துவிட்டு வந்துதான் பையின் பூட்டைத் திறந்தார். பிறகு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நானும் போய்க் கழுவிக்கொண்டு வந்தேன். கட்டில் விரிப்பு ஒன்றுக்குள் சுற்றியிருந்த வாளை எடுத்து, மர உறையிலிருந்து உருவி, என் காதுக்குப் பக்கத்தில் பிடித்து மெல்ல ஆட்டினார். கிண்ணத்துக்குள் கிடக்கும் கட்டுப்பல் போலப் பிடிக்குள் கடகடவென்றது.

நாங்கள் பேசிக்கொண்டது ஜேர்மன் மொழியில். அவருடைய ஜேர்மனில் அவருடைய தீவு கேட்டது, என்னுடையதில் யாழ்ப்பாணம் கேட்டது. பிலிப்பைன்ஸின் தெற்குத் தீவுகளில் இருக்கும் முஸ்லிம் மக்களை மோரோ என்பார்கள். அவர் அந்த மக்களில் ஒருத்தி. அலையலையாக நெளிந்த அலகுள்ள இந்த வாளை அவர்கள் கலிஸ் என்கிறார்கள். அவருடைய தகப்பன் கப்பலில் வேலை செய்தவர். ஒருமுறை கப்பல் ஹம்பேர்க்குக்கு வந்தபோது எசன் வரை ரயிலேறி வந்து மகளைப் பார்த்துவிட்டு, இந்த வாளை அவரிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு தகப்பனை அவர் காணவில்லை.

இப்போது அவருடைய மகனுக்கு ஒக்டோபரில் கலியாணம். அவர்களுடைய குடும்பத்தில் மாப்பிள்ளை இந்த வாளை இடுப்பில் செருகிக்கொண்டுதான் பெண் வீட்டாருக்கு முன்னால் போய் நிற்பானாம். தகப்பன் அப்படித்தான் நின்றார், தமையனும் நின்றார். அந்தத் தமையன் ஊரிலிருந்து கலியாணத்துக்கு வருகிறார். மகன் எசன் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். ஊர்ப்பாசை பேசத் தெரியாது, ஊரையே இரண்டொரு தரம்தான் பார்த்திருக்கிறான். இந்த ஒன்றையாவது அவன் குறையில்லாமல் செய்தான் என்று தமையன் சொல்ல வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும் என்றார் அவர். சொல்லும்போது முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப்போல இன்னொருத்தி என்று எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று.

அவருடைய நிபந்தனைகள் சில. பிடியின் ஆட்டம் நிற்க வேண்டும். எதையும் பளபளப்பாக்கக் கூடாது. பிடியில் சுற்றியிருக்கும் பழைய கயிற்றை மாற்றவே கூடாது, ஏனென்றால் அதில் கறுத்துக் கிடப்பது தகப்பனின் உள்ளங்கை வியர்வை. கடைசியாக ஒன்று: இது அவர்கள் வீட்டில் தொழுகைக்குப் போகும் சுத்தத்தோடு வைத்திருக்கும் சாமான். இதில் வேறெதுவும் படக்கூடாது. வேறெதுவும் என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை. பட்டறையில் பியர் போத்தல் கண்டிருப்பார், அதைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அந்தப் பிடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் தலை, கொண்டைக்கிளியின் தலை. வெளிறிய மரத்தில் செதுக்கியது. பின்னால் வளைந்த கொண்டை, முன்னால் கொக்கிபோல ஒரு சொண்டு, நடுவில் அகலமான நெற்றி. கண் கிடையாது. நெற்றியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. தலைக்குக் கீழே கை பிடிக்கும் இடத்தில் மணிலா நார்க்கயிறு நெருக்கமாகச் சுற்றியிருக்கும், மேலும் கீழும் மெல்லிய வெள்ளி வளையம். வாள் அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில், அலகின் தோளைக் கவ்விக்கொண்டு கயிற்றுக்கு அடியில் ஏறிப்போகும் இரண்டு சிறிய உலோகப் பட்டைகள். அசாங்-அசாங் என்பார்கள். எங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால் கவ்விகள். இந்த வாளில் ஒரு கவ்விதான் மிஞ்சியிருந்தது. மற்றது எந்தக் கடலில் விழுந்ததோ. ஒற்றைக் கவ்வியோடு அலகு ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, உள்ளே பிடித்துவைத்திருந்த பிசினும் நொறுங்கிப் போயிருந்தது.

பிடியைக் கழற்ற வேண்டுமானால் அலகின் அடியை மெல்லச் சூடாக்க வேண்டும். ஈரத்துணியால் மிச்ச அலகைச் சுற்றிவிட்டு, சுடுகாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினேன். உள்ளே இருந்த பிசின் இளகத் தொடங்கியதும் ஒரு வாசம் எழும்பியது. கை அப்படியே நின்றுவிட்டது. கோயிலில் தட்டில் போடும் குங்கிலியம். சுத்தமான வெள்ளைக் குங்கிலிய வாசம். அந்தத் தீவுகளில் மரத்திலிருந்து எடுத்து, படகின் ஓட்டையை அடைக்கவும் வாளின் பிடியை இறுக்கவும் பாவிப்பது அதே பிசின்தான். ஜேர்மன்காரர் டாமர் என்ற பெயரில் ஓவியச் சாமான் கடையில் விற்பதும் அதே. பட்டறையை நடத்தும் முதலாளியம்மா பக்கத்து மேசையிலிருந்து தும்மினார், யன்னலைத் திறந்தார், இது என்ன தேவாலயமா என்று கேட்டார். நான் சிரித்தேன். சுரங்கக் கட்டடத்துக்குள் கோயில் மணக்கிறதே என்று அன்று முழுக்க எனக்கு ஒரே புழுகமும் சந்தோசமும்.

புதிய கவ்வியை வெள்ளித் தகட்டில் செய்தேன். பழையதன் சோடி என்று தெரிய வேண்டும், பழையது என்று ஏமாற்றவும் கூடாது. அதனால் வெளிப்பக்கம் கறுக்கவைத்து, உள்பக்கம் என் குறியை அடித்துவிட்டேன். கவ்வியைச் செருகுவதற்குக் கயிற்றின் கீழ்ச் சுற்றுகள் சிலவற்றைப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்ததை மீண்டும் சுற்றி, உக்கிப்போன இடங்களை மீன் பசை தடவி ஒட்டினேன். மீன் பசையில் உள்ள நல்ல குணம், வேண்டாம் என்றால் பிறகு ஒருவர் தண்ணீர் காட்டிக் கழற்றலாம். கெட்ட குணமும் அதேதான், தண்ணீர் பட்டால் விட்டுவிடும். உள்ளே டாமரும் தேன்மெழுகும் செங்கல் தூளும் சேர்த்து உருக்கி ஊற்றி, அலகைச் செருகி இறுக்கினேன். இனிச் செய்ய ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான இடத்தில் ஆடாமல் அசையாமல் வைத்துப் பசையையும் பிசினையும் காயவிட வேண்டும். எனக்கு உலகத்தில் பிடிக்காத வேலை.

அந்த நேரம் பார்த்துப் பட்டறையின் ஹீட்டர் படுத்துவிட்டது. திருத்துகிறவன் டெர்மின் என்று நாள் குறித்துத் தந்தது பத்து நாள் கழித்து. ஒக்டோபர் ஈரத்தில் மீன் பசை காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா என்று முதலாளியம்மாவிடம் கேட்டேன், பூட்டிய பையில் கொண்டு போ என்றார். ட்ராமில் அந்த நீளப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தபோது பக்கத்தில் இருந்த கிழவர், மலையில் இப்போதே பனி விழுந்துவிட்டதா என்று விசாரித்தார். விழுந்துவிட்டது என்றேன்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு ஜூலையிலும் குளிரும். அவருடைய அறையின் ஹீட்டர் எப்போதும் உச்சத்தில் நிற்கும், நான் உள்ளே போனால் ஐந்து நிமிடத்தில் மூச்சு முட்டும். எங்கள் வீட்டில் பசை காய்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அதே அறையில் ஒரு அலுமாரிக்குள்தான் சாமிப்படங்களும் இருக்கின்றன, அவற்றுக்குப் பக்கத்தில் என் அண்ணாவின் படமும். அண்ணா பள்ளிக்கூடச் சட்டையோடு நிற்கும் படம். அந்தச் சட்டையோடுதான் அவன் ஒருநாள் இயக்கத்துக்குப் போனான், பிறகு வரவில்லை. அம்மா தினமும் கண்ணாடிக்கு மேலால் அவன் நெற்றியில் பொட்டு வைப்பார். நான் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் வாளை வைத்தேன். உறை பட்டறையில் இருந்ததால் அலகை அட்டையால் மூடிக் கட்டி, பிடியை மட்டும் காற்றுப்பட விட்டேன். யாருடைய வாள், எதற்குத் தேவை, யாருக்குக் கலியாணம் என்று அம்மாவுக்கு விளக்கமாகச் சொன்னேன். இதைத் தூக்கக் கூடாது, அசைக்கக் கூடாது என்றும் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினார். பிறகு குனிந்து பிடியை மோந்து பார்த்தார்.

நவராத்திரி நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. அவல், கடலை, சுண்டல் என்று ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று கையில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சரஸ்வதி பூசை என்றைக்கு என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் அவரவர் தொழில் சாமான்களைச் சாமிக்கு முன்னால் வைப்பது வழக்கம். ஜேர்மனிக்கு வந்த காலத்திலிருந்து அம்மா வைப்பது கத்தரிக்கோல், காய் வெட்டும் கத்தி, என் லப்டொப், என் சின்னச் சுத்தியல். வைத்துப் பொட்டிட்டால் மறுநாள் விஜயதசமி காலை வரைக்கும் ஒருவரும் தொடக் கூடாது. இந்த ஒரு நாளில் நான் பட்ட பாடு அம்மாவுக்குத் தெரியும். சின்ன வயதில் புத்தகத்தைத் தொடாதே என்றால் குதிப்பேன். இப்போது லப்டொப்பைத் தொடாதே என்றால் பல்லைக் கடிப்பேன்.

அன்று வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோதே சாம்பிராணி மணந்தது. அம்மாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார், வாளைத் தூக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பூசையையே வாளிடம் கொண்டுபோயிருந்தார். பெட்டியைச் சுற்றிக் குத்துவிளக்கு, சரஸ்வதி படம், அண்ணாவின் படம், கத்தரிக்கோல், கத்தி, சுத்தியல், லப்டொப். எல்லாவற்றுக்கும் நடுவில் வாள். கொண்டைக்கிளியின் நெற்றியில் ஈரச் சந்தனம் குழைத்து வட்டமாக ஒரு பொட்டு, அதன் மேல் நல்ல தடிப்பமாகக் குங்குமம். அந்த வெளிறிய மரத்தில், அந்த வெடிப்பின் மேலேயே.

"தொடாதேங்கோ எண்டெல்லோ சொன்னனான்" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"நான் எங்க தூக்கினன்? வைச்ச இடத்திலதானே கிடக்குது. பொட்டுத்தான் வைச்சனான்" என்றார் அம்மா. இத்தனை வருசமாக ஆயுத பூசை என்று சொல்லிக் கத்தரிக்கோலுக்குப் பூசை செய்ததாகவும், இந்த வருசம்தான் வீட்டுக்குள் ஒரு ஆயுதம் வந்திருப்பதாகவும், அதற்கு மட்டும் பொட்டு வைக்காமல் விட்டால் எப்படி இருக்கும் என்றும் கேட்டார். அதோடு அதில் குங்கிலியம் மணக்கிறதாம். குங்கிலியம் மணக்கிற சாமான் சாமிச் சாமானில்லாமல் வேறென்ன என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர்கள் முஸ்லிம் ஆட்கள், வேறெதுவும் படக்கூடாது என்று அந்த மனுசி என்னிடம் கேட்டுக்கொண்டது இதைத்தான் என்று கத்தினேன். நாளை மதியம் அவர் வாளை எடுக்க வருகிறார், சனிக்கிழமை கலியாணம், சந்தனம் ஊறி ஊறிக் குங்குமம் மரத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. கையை நீட்டினேன். அம்மா எனக்கும் வாளுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"நாளைக்கு விடியத்தான் எடுக்கலாம். இப்ப ஏலாது."

அம்மா என் தோள் உயரம்கூட இல்லை. ஒரு கையால் ஒதுக்கிவிட்டிருக்கலாம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அண்ணாவின் படம் கிளித்தலைக்கு நேரே பக்கத்தில் இருந்தது, இரண்டு நெற்றியிலும் ஒரே அளவான பொட்டு. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கை எழவில்லை. அம்மா மீதிருந்த கோபம் குறையவும் இல்லை. சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு வெளியில் இறங்கினேன்.

எங்கே போனேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. ட்ராம் தரிப்புவரை நடந்தேன், அடுத்த தரிப்புவரை நடந்தேன், துருக்கிக் கடையில் ஒரு தேநீர் வாங்கிப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன். நடக்க நடக்கக் குங்குமம் இறங்கிக்கொண்டே இருந்தது. குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது. சோப்புப் போட்டால் இன்னும் சிவக்கும். மஞ்சள் கறை போக வெய்யிலில் காயவைக்க வேண்டும் என்பது வெள்ளை வேட்டி தோய்த்த எல்லோருக்கும் தெரியும். ஒக்டோபர் மாதத்து எசனில் வெய்யிலை எங்கே போய்த் தேடுவது? அந்தத் தமையன், நான் ஒருநாளும் கண்டிராத அந்த மனுசன், விமானத்தில் ஏறியிருப்பாரா என்று யோசித்தேன். அவர் வந்து இறங்கி, மருமகனின் இடுப்பைப் பார்த்து, முதலில் காணப்போவது எங்கள் வீட்டுப் பொட்டை. திரும்பி வந்தபோது அம்மா சாப்பாட்டை மூடி வைத்திருந்தார். நின்றபடியே சாப்பிட்டேன்.

விடிந்ததும் அம்மா குளித்துவிட்டு வந்து, கற்பூரம் காட்டி, வாளை எனக்கு விட்டுவிட்டு அறையை விட்டு வெளியில் போனார். காய்ந்த தூளை முதலில் மெல்லிய தூரிகையால் தட்டினேன். பிறகுதான் சிக்கல். எங்கள் பட்டறையில் மென்மையான அழுக்குக்கு முதல் மருந்து எச்சில். பஞ்சுக் குச்சியை வாயில் நனைத்துத் துடைப்போம், ஜேர்மன் நூதனசாலைகளிலும் அதைத்தான் செய்கிறார்கள். குச்சியை வாய்வரை கொண்டுபோனேன். குங்குமத்தை எச்சிலால் துடைக்க எனக்குக் கை வரவில்லை. சாமி, ஆசாரம் என்றால் சிரிக்கிறவள்தான் நான், ஆனாலும் வரவில்லை. பஞ்சை அல்கஹோலில் தொட்டுத் தொட்டு எடுத்தேன். சிவப்பு போயிற்று. மஞ்சள் பூத்த மங்கலான வட்டம் நின்றது, வெடிப்புக்குள் ஒரு சிவந்த கோடு நின்றது. சுரண்டினால் போய்விடும். சுரண்டினால் அந்த இடத்தில் தகப்பனின் பெருவிரல் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மினுக்கமும் சேர்ந்து போய்விடும். கத்தியை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் புறப்பட்டேன்.

அவர் மதியத்துக்கு முன்னரே வந்துவிட்டார். வழமைபோல நேரே தொட்டிக்குப் போய்க் கை கழுவினார். நான் வாளை மேசையில் வைத்து, அவர் தொடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன பூசை, என்ன பொட்டு, எது போயிற்று, எது போகவில்லை, சுரண்டினால் என்ன போகும் என்று எதையும் விடவில்லை. அவர் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் உங்களிடம் அதிகம் ஒன்றும் கேட்கவில்லை" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சுரண்டட்டுமா என்று கேட்டேன். அவர் பெருவிரலைக் கிளியின் நெற்றிக்குக் கொண்டுபோய், தொடாமல் திருப்பி எடுத்தார். மேசைக்கும் யன்னலுக்கும் நடந்தார். தமையனுக்கு போன் எடுக்கப் போனவர், எண்ணை அழுத்தாமலே போனைப் பைக்குள் வைத்தார். பிறகு திரும்பி, இதைத் தண்ணீரில் கழுவலாமா என்று கேட்டார். தலை தாங்கும், உள்ளே இருக்கும் பிசின் படகுக்குப் பூசுகிற பிசின், அதுவும் தாங்கும், கயிறுதான் தாங்காது என்றேன். தண்ணீர் பட்டால் பசை விட்டு உங்கள் தகப்பனின் கயிறு சுருள் சுருளாகக் கழன்றுவிடும்.

"அப்படியென்றால் நீங்கள் கயிற்றைப் பிடியுங்கள்" என்றார் அவர்.

மறுபடி கை கழுவித் துடைத்துக்கொண்டேன். வாளைத் தலைகீழாகத் தொட்டிக்கு மேலே பிடித்தேன், கிளித்தலை கீழே, அலகு என் தோளுக்கு மேலே. கயிறு முழுவதையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். ஒரு விரல் விலகினால் ஒரு சுற்றுக் கயிறு போயிற்று. அவர் குவளையில் தண்ணீர் பிடித்து, வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டு, கிளியின் நெற்றியில் மெதுவாக வார்த்தார். விரலால் தேய்த்தார். மறுபடி வார்த்தார். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. கை விறைத்தது, மூக்கு அரித்தது, கால் கடுத்தது. நான் அசையவில்லை. பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு நேரம் ஆடாமல் அசையாமல் நின்றது அன்றைக்குத்தான். மூன்றாம் முறை வார்த்து முடித்ததும் அவர் தன் கைலேஞ்சியால் கிளியின் தலையைச் சுற்றித் துடைத்தார். அதற்குப் பிறகுதான் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். கயிறு அப்படியே இருந்தது.

யன்னலடியில் கொண்டுபோய்ப் பார்த்தார். வட்டம் முக்கால்வாசி போயிருந்தது. வெடிப்புக்குள் இருந்த கோடு போகவில்லை.

"எங்களில் மூன்று தரம் கழுவுவோம். அதற்கும் போகாத நிறம் குற்றமில்லை. என் தகப்பன் அப்படித்தான் சொல்லித் தந்தார்" என்றார். பிறகு வாளைத் தன் காதருகே பிடித்து ஆட்டினார். இன்னும் ஒருமுறை, பலமாக ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை. தொட்டிக்குள் குழாய் சொட்டியது மட்டும் கேட்டது.

வாளை உறையில் போட்டு, விரிப்பில் சுற்றி, பையைப் பூட்டினார். என்னிடம் இன்னும் கோபமாகத்தான் இருந்தார், அதை மறைக்கவும் இல்லை. கதவுவரை போனவர் நின்று, உங்கள் அம்மா அதற்கு முன்னால் என்ன கேட்டுக் கும்பிட்டார் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். கேட்டுச் சொல்லுங்கள், என் பிள்ளையின் இடுப்பில் போகிற சாமான், எனக்குத் தெரிய வேண்டும் என்றார்.

வீட்டுக்குப் போனபோது அம்மா குசினியில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். கழுவிக் கொண்டுபோய்விட்டார் என்றேன். அம்மா தலையை ஆட்டினார். நேற்று வாளுக்கு முன்னால் என்ன கேட்டுக் கும்பிட்டீங்கள் என்று கேட்டேன். அம்மா இன்னும் இரண்டு நெட்டு இலை ஆய்ந்தார்.

"ஆரோ ஒரு தாயின்ர பிள்ளை இடுப்பில கட்டப் போறான் எண்டாய். என்ன கேக்கிறது? இது ஒருநாளும் உறையை விட்டு வெளியில வரக்கூடாது எண்டு கேட்டனான்."

இவ்வளவு காலமாக அம்மா கத்தரிக்கோலுக்கும் காய்க்கத்திக்கும் முன்னால் என்ன கேட்டார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அண்ணாவின் படத்துக்கு முன்னால் என்ன கேட்கிறார் என்றும் கேட்டதில்லை. எழும்பிப் போய்விடுவதுதான் என் பழக்கம். அன்றைக்கு எழும்பவில்லை. கதிரையில் இருந்தபடியே அந்தப் பெண்ணுக்கு போன் எடுத்து, அம்மா சொன்னதையும், அண்ணா இயக்கத்துக்குப் போய்த் திரும்பாததையும் ஜேர்மன் மொழியில் சொன்னேன். அழகாக வரவில்லை. உறை என்ற சொல் வாய்க்கு வராமல் வாளின் வீடு என்று சொல்லிவைத்தேன்.

தன்னுடைய ஊரிலும் அப்படிச் சண்டைக்குப் போன பிள்ளைகள் உண்டு என்று மட்டும் அவர் சொன்னார். பிறகு சனிக்கிழமை உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையில் இருந்த இலையைச் சுளகில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"போவம். வாள் உறைக்குள்ளதானே இருக்கும் எண்டு ஒருக்காக் கேள்."

கேட்டேன். உறைக்குள்தான் இருக்கும் என்றார்.